பாவாடைத் துணிக்கு வந்த பறக்கத்து

எங்கள் தெரு முனையில் அவுலியா, இறைநேசர் ஒருவர் அடங்கியிருக்கிறார் என்று ஊர் முழுக்க நம்பிய காலம் ஒன்று இருந்தது. அவருடைய பச்சைத் துணி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு உள்பாவாடை தைத்ததில் மிஞ்சிய துணி.

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு வெளி. ஒரு பக்கம் எங்கள் தெரு, மறுபக்கம் தமிழ் ஆட்களின் தெரு. எழுபத்தெட்டுச் சூறாவளி அங்கிருந்த மரங்களில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அதன் பிறகு பகலில் அந்த மணலில் கால் வைக்க ஏலாது. இரண்டு தெரு ஆட்களும் கூடிக் கதைத்து, வேம்பும் வாகையும் நட்டார்கள். அவரவர் கண்ட இடத்தில் குழி வெட்டி நட்டுவிட்டுப் போனதால், எங்கள் கன்றும் அவர்கள் கன்றும் வெளி முழுக்கக் கலந்து நின்றன. கரைச்சல் வந்தது தண்ணீர் ஊற்றுவதில்தான். ஒரு வேம்புக்கு மூன்று வீட்டார் ஊற்ற, பக்கத்து வாகை காய்ந்து கிடக்கும்.

உம்மாவின் தம்பி, என் மாமா, சந்தையில் டெயிலர் கடை வைத்திருந்தார். தமிழ்த் தெருவில் சைக்கிள் திருத்தும் அண்ணன் அவருடைய கூட்டாளி. இருவரும் கடையில் கிடந்த வெட்டுத்துணிகளை எடுத்து, எங்கள் கன்றுகளுக்குப் பச்சையும் அவர்கள் கன்றுகளுக்குச் சிவப்பும் கட்டினார்கள். அவரவர் நிறத்துக்கு அவரவர் ஊற்றவேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் நாங்கள் ஒரே கிணற்றில் வாளி போட்டு, சண்டை பிடித்து, ஊற்றினோம்.

அந்தக் கோடையில் மாவடிப்பள்ளியிலிருந்து சந்தைக்கு வந்த ஒரு தாய், காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அந்த வழியால் போனாள். பச்சைத் துணி கண்ணில் பட்டது. பச்சை கட்டியிருந்தால் அங்கே அவுலியா இருக்கத்தானே வேண்டும்? முந்தானைக் கரையைக் கிழித்து நேர்ச்சை வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு இலையும் கிள்ளிக்கொண்டு போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. காய்ச்சல் எப்படியும் விடத்தானே செய்யும், ஆனால் ஊர் கேட்குமா? அடுத்த கிழமையே பெண்கள் அணியணியாக வந்தார்கள். பறக்கத்து, அவுலியாவின் அருள், கிடைக்கும் என்று என் பாவாடைத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன், உம்மா தொடையில் கிள்ளிவிட்டா.

சிவப்பு மட்டும் சும்மா இருக்குமா? அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கனவில் அம்மன் வந்து, சிவப்புக் கட்டிய மரங்களில் தான் குடியிருப்பதாகச் சொன்னதாம். அவற்றுக்கு மஞ்சள் தெளித்தார்கள். இலை கிள்ளிக் கிள்ளி எல்லாக் கன்றும் மொட்டையாகிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய வினை பின்னால் வந்தது. அவுலியா இருக்கிற நிலம் பள்ளிவாசலுக்குச் சொந்தம் என்றார்கள் அதை நிர்வகிக்கும் எங்கள் மரைக்கார்மார். அம்மன் இருக்கிற நிலம் கோயிலுக்கு என்றார்கள் அங்கே. நடுவால் வேலி போடுவதற்குக் கட்டைகளும் கம்பிச் சுருள்களும் இரண்டு பக்கமும் வந்து இறங்கின. இந்தப் பக்கம் நிற்கும் சிவப்பையும் அந்தப் பக்கம் நிற்கும் பச்சையையும் பிடுங்கிவிடுவது என்று முடிவானது. பாதி மரம் போய்விடும். மாமா அன்று சோறு தின்னவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், மாமாவும் சைக்கிள் அண்ணனும் ஒரு சாக்கு நிறையத் துணியோடு வெளியில் இறங்கினார்கள். ஒன்றையும் அவிழ்க்கவில்லை. பச்சை கட்டிய மரத்துக்கெல்லாம் சிவப்பும், சிவப்புக் கட்டிய மரத்துக்கெல்லாம் பச்சையும் கட்டிக்கொண்டே போனார்கள். இரண்டு தெருவும் நின்று பார்த்தது. மதி கெட்டவன் என்று மரைக்கார் ஒருவர் மாமாவை ஏசினார். ஏசினாரே தவிர, கிட்டப் போய் ஒரு முடிச்சை அவிழ்க்கவில்லை. சிவப்பை அவிழ்த்தால் அம்மன் என்ன செய்யுமோ என்று எங்கள் ஆட்களுக்கும் உள்ளுக்குள் பயம்தான். பச்சையில் கை வைக்க அவர்களுக்கும் அப்படியே.

எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் வேலி நின்றுபோனது. ஒரே மரத்தில் ஆரிடம் நேர்வது என்று குழம்பி, நேர்ச்சைக்காரர்களும் வராமல் விட்டார்கள். எந்த மரம் தன்னுடையது என்று ஆருக்கும் நிச்சயமில்லை. காயவிடவும் பயம். ஆகவே எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஊற்றினார்கள்.

துளிர் விட்ட பிறகு ஒருநாள் பின்னேரம், இருவரும் கிணற்றடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி ஆரும் வந்து, எந்த மரம் ஆருட எண்டு கேட்டா?" என்றார் சைக்கிள் அண்ணன்.

"எங்களுக்குத் தெரியா எண்டு சொல்லுவம், மச்சான்," என்றார் மாமா.

வாளியோடு நின்ற எனக்கு ரோசம் வந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று சொல்லி, கிணற்றடி மரத்திலிருந்து தொடங்கினேன். இது எங்கட, இது அவங்கட, அதுவும் அவங்கட, அந்த வாகை எங்கட. கடைசி மரம் வரைக்கும் ஒரு பிழை விடவில்லை. பாராட்டுவார்கள் என்று பார்த்தால் இருவர் முகத்திலும் சிரிப்பே இல்லை. மாமா என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மறந்திடு மகள்," என்றார்.

குர்ஆன் ஓதப்போகும் இடத்தில் ஒரு சூறா, ஒரு அத்தியாயம், மறந்தால் பிரம்படி. மறக்கச் சொன்ன பெரியவர் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. மாமா என்னைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பக் கேட்டால் தடுமாறக் கூடாது என்று, அன்று படுக்கும் மட்டும் ஒவ்வொரு மரமாக, எங்கட, அவங்கட, எங்கட, அவங்கட என்று சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.