நானூற்று எண்பது டிக்

எங்கள் மருத்துவமனையில் என் கணவரைக் கேபிள்காரர் என்பார்கள். பத்தொன்பது வருஷமாக நெட்வொர்க்கைக் கட்டிக் காக்கிற மனிதருக்குக் கிடைத்த பட்டம் அது. அங்கேயே பதிவேட்டுப் பிரிவில் இருக்கும் எனக்குத்தான் காது கூசும். அவருக்கு உறைக்கவே உறைக்காது.

இரண்டு மாதமாக ஒரே தலைவலி. அறுவை சிகிச்சையை மருத்துவ மாணவர்கள் மூன்று வகுப்பறைகளில் நேரடியாகப் பார்க்க வேண்டும். படம் ஓடும், திக்கும், நின்றுவிடும். நிர்வாகி கேபிளை மாற்றச் சொன்னார், இவர் மாற்றினார். மறுபடி மாற்றச் சொன்னார், மறுபடியும் மாற்றினார். கடைசியில், "வெள்ளிக்கிழமையும் படம் நின்னுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சமையலறையில் இவரை மடக்கிக் கேட்டேன்.

"கேபிள்ல ஒண்ணும் இல்ல," என்றார். "ஒரே படத்தப் பல இடத்துக்கு அனுப்புற வேலைய நெட்வொர்க் சுவிட்சுக்குள்ள ஒரு சிப் பாத்துக்குது. நகல் எடுக்குற மெஷின் மாதிரி, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாருக்கும் போயிடும். ஆனா எது எங்க போகணும்னு எழுதி வைக்க அதுல ஐநூறு வரிதான் இடம். அது நெறஞ்சுட்டா, அடுத்து வர்றது சாஃப்ட்வேர் தலையில விழும். அது கையால நகல் எடுக்குற குமாஸ்தா. திணறிடும்."

"யாரு நெறச்சா?"

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். யாரு?"

"வாசல், வராண்டாவுல மாட்டின கண்காணிப்புக் கேமரா. நானூத்தி எண்பதுலயும் 'பலருக்கு அனுப்பு'ன்னு டிக் போட்டிருக்கு. அத்தனையும் போறது படத்தப் பதிவு பண்ற ஒரே ஒரு மெஷினுக்கு. அந்த டிக்கே வேண்டாம். மிச்ச வரிய வார்டு டிவிங்க பிடிச்சுக்குது. ஆபரேஷன் படத்துக்கு எடமில்ல."

கேமரா மாட்டியவன் என் தம்பி. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான். பாஸ்வேர்டும் அவனிடம்தான். இவர் மூன்று வாரமாகக் கேட்கிறார். அவன் "அடுத்த வாரம் பாக்கலாம் மாமா" என்று இழுத்தடிக்கிறான். நிர்வாகியிடம் சொன்னால் மச்சான் பிழைப்பில் மண் விழுமென்று இவர் மென்று முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். "டேய், அந்த டிக்க எடுடா. மாமாவுக்கு வேலை போயிடும்."

"நல்லதுன்னுதான்க்கா போட்டேன். இப்ப வெளியூர்ல இருக்கேன். சனிக்கிழமை வந்து பாக்குறேன்."

வெள்ளிக்கு மறுநாள் வருகிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் காலை நிர்வாகி அறைக்குப் போய், "கேபிள்ல தப்பில்ல சார். தப்பு என் தம்பி பண்ணது" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தம்பிக்குப் போன் போட்டார், மதியத்துக்குள் பாஸ்வேர்டு வந்தது. இவர் உட்கார்ந்து நானூற்று எண்பது டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தார். வெள்ளிக்கிழமை மூன்று வகுப்பறையிலும் படம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே நிர்வாகி தம்பியைக் கழற்றிவிட்டு, கேமராக்களையும் இவர் தலையில் கட்டினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி கூப்பிட்டான். "என் வேலைய மாமாவுக்கு வாங்கித் தரத்தானேக்கா போய்ச் சொன்ன?"

இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். அவன் நம்பவில்லை. போனை இவர் முன்னால் நீட்டினேன். 'இல்லடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனுஷர் போனை வாங்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தம்பி போனை வைத்துவிட்டான்.