மனேஜரைப் பற்றி ஒரு வசனம்

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கன்டீன் மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டால் அதுதான் எங்கள் ஆங்கில வகுப்பு. பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து சற்று உள்ளே, பிஸ்கட்டும் சவர்க்காரமும் ஏற்றி இறக்கும் ஒரு கம்பனி. அதன் ஸ்டோர்ஸில் நான் கிளார்க். வகுப்பில் பதினொரு பேர். மூத்தவர் வீரய்யா அண்ணன், வயது ஐம்பத்திரண்டு, கேட்டில் செக்கியூரிட்டி.

அவர் எதற்காக ஆங்கிலம் படிக்க வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கதிரைக்காக.

கேட் காவலர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் நின்றே வேலை. உட்கார்ந்தால் கமராவில் தெரிந்துவிடும். காவலறைக்குள் இருக்கும் ஒரேயொரு கதிரை ஓ.ஐ.சி.க்கு, அதாவது காவலர்களின் பொறுப்பாளருக்கு. அந்த இடம் காலியாகப் போகிறது. இனிமேல் கேட் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் என்று கம்பனி அறிவித்திருந்ததால், எழுதத் தெரிந்த ஆளுக்கே அந்தப் பதவி. வீரய்யாவின் இடது காலில் நரம்புகள் முறுக்கி, கணுக்காலுக்கு மேலே தோல் நாவற்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. பேராதனை கிளினிக்கில் நிற்கிற வேலையை விடச் சொன்னார்கள். இல்லாவிட்டால் புண் வரும், வந்தால் ஆறாது.

"வேலய விட்டுட்டு எங்க போயி ஒக்கார்றது?" என்பார். அவர் மனைவி அங்கம்மா அம்பிட்டியவில் ஒரு வீட்டில் சமைக்கிறார். அந்தச் சம்பளத்தில் இரண்டு பேரும் உட்கார முடியாது.

வகுப்பு எடுத்தவர் கிருஷாந்தி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் படித்து முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறவர். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு சொல்லுக்கு மூன்று வசனம்: வீட்டைப் பற்றி ஒன்று, வேலையைப் பற்றி ஒன்று, தன்னைப் பற்றி ஒன்று. மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். "பொய் வசனம் மனசில நிக்காது," என்பார். மாத முடிவில் நாங்கள் எழுதும் கொப்பிகளை எச்.ஆர். பிரிவுக்கு அனுப்ப வேண்டும், வகுப்புக்குப் பணம் கட்டுவது கம்பனி என்பதால். யாராவது அவற்றைத் திறந்து பார்ப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை.

அன்றைக்கு மிஸ் பலகையில் எழுதிய சொல், ஐடியலிஸ்டிக்.

"உலகம் எப்பிடி இருக்குதோ அதை விட்டிட்டு, எப்பிடி இருக்கவேணுமோ அதையே நம்பி நடக்கிற ஆள். ஒவ்வொரு நாளும் கதைக்கிற இங்கிலீசில அது பாதி பாராட்டு, பாதி நக்கல்."

"அப்ப மிஸ், கலியாணத்துக்கு முந்தி எல்லாருமே ஐடியலிஸ்டிக்," என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அரூஸ்.

"ஒனக்கு கல்யாணமாகியும் அது போகலடா. சம்பளம் கூட்டுவாங்கன்னு இன்னும் நம்பிக்கிட்டு இருக்க," என்றார் வீரய்யா.

சிரிப்பு அடங்கியதும் தன் கொப்பியை எடுத்து எழுந்து நின்று வாசித்தார். வாசிக்கும்போது கூட அவர் நிற்கத்தான் செய்வார், பழக்கம். என் மனைவி இலட்சியவாதி இல்லை, அவள் முதலில் அரிசி வாங்குகிறாள். இது வீட்டு வசனம். இருபத்தாறு வயதில் நான் இலட்சியவாதி, அது பதினொரு நாள் நீடித்தது. இது தன்னைப் பற்றியது.

"அதென்ன பதினொரு நாள்?" என்று மிஸ் கேட்டார்.

"தேயிலத் தோட்டத்துல ஸ்ட்ரைக்கு மிஸ். நான்தான் தலைவரு. ஒம்பது நாள் எல்லாரும் என் பின்னால. பத்தாம் நாளு பாதிப் பேரு. பதினோராம் நாளு காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துக்குப் போயி பாக்குறேன், எல்லாரும் கூடையோட நிக்கிறாங்க, நான் மட்டும் கொடியோட நிக்கிறேன். பேர வெட்டி வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க."

பிறகு வேலை வசனம். அதை மட்டும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறேன்: "மை மனேஜர் இஸ் ஐடியலிஸ்டிக். ஹீ திங்ஸ் எ மேன் கேன் ஸ்டாண்ட் ட்வெல்வ் அவர்ஸ்." ஒரு மனிதனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியும் என்று நம்புகிறாராம். அரூஸ் மேசையில் தட்டினான். மிஸ் சிவப்புப் பேனையால் ஒரு நட்சத்திரம் போட்டு, பக்கத்தில் எக்ஸலன்ட் என்று எழுதினார்.

அந்த மாதக் கொப்பிகளைப் பிஸ்கட் பெட்டியில் அடுக்கி மாடிக்குக் கொண்டுபோனது நான். அவருடையது மேலே இருந்தது. அடியில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எனக்கு அந்த வசனம் பிடித்திருந்தது. மேலே இருக்கிற யாராவது ஒருவர் அதைப் படிக்க வேண்டும் என்று ஆசையாயிருந்தது. படித்தால் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் நேரத்தோடேயே வந்துவிட்டார், கையில் வீரய்யாவின் கொப்பியோடு.

"அண்ணை, எச்.ஆர். சேர் எனக்குக் கோல் எடுத்தவர். உங்கட வசனத்தை வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கிறார். நல்ல சிரிப்பில்லை."

வீரய்யா கொப்பியை வாங்கிக்கொண்டார்.

"மாத்தி எழுதித் தந்தா, வகுப்பும் நிக்காது, உங்கட பேரும் ஓ.ஐ.சி. லிஸ்டில இருக்கும் எண்டு சொன்னவர். எனக்கும் இந்த வகுப்பு மட்டுந்தான் அண்ணை." மிஸ் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். புது வசனத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் மனேஜர் ஓர் இலட்சியவாதி. ஒவ்வொரு தொழிலாளியின் எதிர்காலத்தையும் பற்றிக் கனவு காண்கிறார்.

"பொய் வசனம் மனசுல நிக்காதுன்னீங்களே மிஸ்."

"மனசில நிக்கத் தேவையில்லை. பேப்பரில நிண்டாப் போதும்."

வீரய்யா குனிந்து காற்சட்டையின் ஓரத்தைச் சற்று உயர்த்திப் பார்த்துவிட்டு விட்டார். "அந்த ஸ்ட்ரைக்குல தோட்டத்துத் தொர கேட்டாரு, மன்னிப்புக் கடுதாசியில ஒரு கைநாட்டு வையி, பேர வெட்டல்லன்னு. எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்னு சொல்லிட்டு எறங்கி வந்தேன்," என்றார். சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னார். மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வீரய்யா நட்சத்திரம் இருந்த பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதிய பக்கத்தில் அந்த வசனத்தை எழுதினார். நல்ல எழுத்து அவருக்கு.

பதவி கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். அவருடைய வசனத்தைப் பெரிதாக அச்சடித்து, பக்கத்தில் அவர் படத்தையும் போட்டு, கேட்டுக்கு உட்புறமிருந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

"மால மட்டுந்தான் இல்ல அண்ணே," என்றான் அரூஸ்.

பழனியாண்டி அண்ணன் கேட்டில் நிற்கும் இன்னொரு காவலர். வீரய்யாவை விட ஆறு வயது மூத்தவர். ஆங்கிலம் தெரியாது. என்னை மறித்துக் கேட்டார், "தம்பி, என்ன எழுதியிருக்கான்?" நான் தமிழில் சொன்னேன். அவர் போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காவல்காரனுக்கெல்லாம் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டு ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கோம். ஓ.ஐ.சி. கையெழுத்து வேணும். போடுவான்ல?"

"கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

கேட்டார். வீரய்யா கடிதத்தை வாங்கி, மேசை லாச்சியில் வைத்து, "பாப்போம்ண்ணே," என்றார்.

அவர் ஓ.ஐ.சி. ஆன மூன்றாவது வாரம், ஒரு நண்பகல். லொறி ஒன்றும் இல்லை. பழனியாண்டி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் உட்கார்ந்தார். காவலறையில் டெலிபோன் அடித்தது. மேலே கமராவில் பார்த்துவிட்டார்கள். எழுத்தில் அறிக்கை வேண்டும், இன்றைக்கே, ஆங்கிலத்தில்.

நான் பில் புத்தகத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். வீரய்யா பேனையை எடுத்தார். வைத்தார். வெளியே பழனியாண்டி பெட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். வீரய்யா மறுபடியும் பேனையை எடுத்தார்.

மூன்று வரி. முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பிழை இருக்கான்னு பாரு தம்பி."

பெயர், நேரம், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது. எல்லாம் உண்மை. பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லண்ணே, சரியா இருக்கு," என்றேன்.

அந்த அறிக்கையை வைத்துப் பழனியாண்டியை மாத்தளைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கடிதம் லாச்சியிலேயே கிடந்தது. வீரய்யா வகுப்புக்குத் தொடர்ந்து வருகிறார். அவர் வசனங்கள் இப்போது மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான். மிஸ் நட்சத்திரம் போடுகிறார். காலின் வீக்கம் வற்றிவிட்டது. புண் வராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம்.