விமானத்தளத்தில் நசுங்கிய வடை

“அமெரிக்கன்ர விமானத்தளத்தைப் பற்றி நீ என்னத்தைப் பிள்ளை சொல்லப்போறாய்? உங்கட வீட்டில பிளேன் டிக்கெட் வாசிக்கவே ஆள் இல்லை!”

எங்கள் கட்டிடத்து மேல்மாடி அக்கா சொன்னதில் பாதி உண்மை. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். ஆனால் டிக்கெட் வாசிக்க நான் இருந்தேன். பிராங்ஃபர்ட் பக்கத்து அந்தத் தளத்தின் கதையையும் ஜெர்மன் மொழியிலேயே வாசித்து முடித்திருந்தேன்.

தளத்தை மூடப்போகிறார்கள். கடைசிக் கோடையில் பார்வையாளர்களுக்கு அதன் வரலாற்றைச் சொல்ல வழிகாட்டிகளைத் தேடினார்கள். முதலில் ஒரு குழுவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பொறுப்பாளர் பின்னால் நடந்து வந்து கவனிப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை.

அந்தக் குழுவில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்துகொண்டார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ஒரு பை நிறைய உழுந்துவடை கொண்டுவந்தார். வாசலில் மோப்ப நாய் பையை விட்டு நகர மறுத்தது. காவலாளி ஒரு வடையின் ஓட்டையூடாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்.

நன்றாகவே தொடங்கினேன். முதலில் வாயு நிரப்பிய ஆகாயக் கப்பல்கள் வந்திறங்கிய இடம், பிறகு ஜெர்மன் போர்விமானங்கள், போருக்குப் பின் அமெரிக்கர்கள். போருக்குப் பின் முற்றுகையில் சிக்கிய பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் சுமந்த பழைய விமானத்தைக் காட்டக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து யாரோ அதன் இயந்திரத்தை முடுக்கினார்கள்.

அம்மா புல்லில் குப்புற விழுந்தார். அப்பா ஏற்கெனவே அங்கே கிடந்தார். யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சில் பழகிய உடம்புகள்.

“தலையைத் தூக்காதேங்கோ!” என்று அம்மா கத்தினார்.

“எங்கயப்பா தூக்கினனான்? வடைக்கு மேல கிடக்கிறன்!” என்றார் அப்பா.

பொறுப்பாளரின் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: குழுவில் வந்த நரைத்த தலை ஜெர்மன் பெண்மணி ஒருவரும் அம்மாவுக்குப் பக்கத்தில் காதைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தார்.

இயந்திரம் நின்றது. அந்தப் பெண்மணி சிறுமியாக இருந்தபோது அவருடைய தெருவிலும் குண்டு விழுந்ததாம். அம்மாவும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அம்மா நசுங்கிய வடை ஒன்றை அவரிடம் நீட்டினார்.

மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, புல்லில் இருந்த மூவரையும் காட்டியே மிச்சக் கதையைச் சொன்னேன். எந்தச் சத்தத்துக்கு மக்கள் ஓடி ஒளிந்தார்களோ, அதே சத்தத்தோடுதான் பிறகு பாண் சுட மாவும் வந்தது என்றேன்.

“திங்கட்கிழமை வேலைக்கு வா,” என்றார் பொறுப்பாளர், வடையை மென்றபடி. “அம்மாவும் வருவாரா?”

கோடை முடிந்தது, தளமும் மூடப்பட்டது. “இனி என்ன பிள்ளை செய்வாய்?” என்றார் மேல்மாடி அக்கா.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் பதிந்துவிட்டு நேரே அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தேன்.