சாமரம் வீசும் பெண்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சிலை வைப்பதற்கு என் மாமியார் இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். சாமியாக இருந்தால் அது பூஜை அலமாரிக்குள்தான் இருக்க வேண்டும். அழகுக்காகக் கூடத்தில் நிறுத்தக் கூடாது. கை கால் உடைந்து பின்னமான சாமியாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பழைய சிலைகளில் உடையாதது அபூர்வம். ஆகவே அத்தையின் கணக்குப்படி நான் எதையுமே வாங்க முடியாது.

எனக்கும் சில விதிகள் உண்டு. கல்லும் ஐம்பொன்னும் வேண்டாம். எந்தக் கோயிலை விட்டுக் கிளம்பி வந்ததோ என்ற கவலை. பிரித்துப் போட்ட பழைய தேர்களின் மரச் சிற்பங்கள் போதும். ரசீது வேண்டும். ஆவடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நான் ஒருத்தியே தூக்கி ஏறக்கூடிய எடை வேண்டும். இந்த இரண்டு பட்டியல்களுக்கும் தப்பி வந்து சேர்ந்தவை ஒரு யாளி, காதில்லாத ஒரு குதிரை, கழுத்தை வளைத்த ஓர் அன்னம். யாரும் சாமி இல்லை என்பதால் அத்தை ஆட்சேபிக்கவில்லை. "தூசி தட்டுறது மட்டும் உன் வேலை" என்றார்.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் ஒன்றுபோல இருக்க வேண்டிய பாகங்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, ஒன்றைப்போல இன்னொன்று இல்லாத பொருட்கள் வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல்.

சென்னீர்குப்பத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய், எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதை எடுத்து வைத்திருப்பார். ஆடி பிறந்த சமயம் ஒரு சனிக்கிழமை, கோணிப் பையைப் பிரித்து ஒரு பெண்ணை நிமிர்த்தி வைத்தார். முழங்கால் உயரம். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்க, வலது கை முழங்கையோடு போயிருந்தது. மழையும் வெயிலும் முகத்தைத் தேய்த்திருந்தாலும், ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவள் போலத் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்விலேயே நான் விழுந்துவிட்டேன்.

"மாமியார் ஒத்துப்பாங்களான்னுதானே பாக்குற?" என்றார் பாய். "இது சாமி இல்லமா. சாமிக்குப் பக்கத்துல நின்னு சாமரம் வீசுற பொண்ணு. ஒடிஞ்ச கையிலதான் அது இருந்திருக்கும்."

வீட்டில் அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார். "விசிறி வீசுற பொண்ணா? அப்ப நம்ம வீட்ல வந்து கொஞ்சம் உக்காரட்டும். பாவம், எத்தனை வருஷமா நிக்கறாளோ."

மறுநாள் அவள் காலடியில் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்தது. உள்ளே வண்டு. மருந்தைத் துளைகளில் செலுத்தி, வெயில் படாமல் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அந்த நெடி அத்தைக்கு இருமலைக் கிளப்பும். எல்லாவற்றையும் யோசித்து, படிக்கட்டுத் திருப்பத்தில் ஜன்னலோரமாக ஒரு மணைமேல் அவளை நிறுத்தினேன். ஆடி மாதத்தில், பொது இடத்தில், ஒரு பெண் சிலையை மணைமேல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை நெற்றியில் குங்குமம் இருந்தது. வெள்ளிக்கிழமை கழுத்தில் எலுமிச்சை மாலை.

எங்கள் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காதான் மாலை கட்டியவர். துணி மூட்டையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, சிலைக்கு முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும், "நல்லாருப்பமா. படி ஏறச்சொல்லோ ஆத்தாளப் பாக்க வெச்சுக்கீற" என்றார். "எம் பொண்ணு மாசமா கீது. சொன்ன நாள் தாண்டிச்சு, இன்னும் வலி எடுக்கல. தாயும் புள்ளையும் நல்லபடியா வரட்டும்னு இவகிட்டதான் சொல்லிக்கினு கீறேன்."

இது ஆத்தா இல்லை என்று சொல்லாமல், மூட்டையை அவர் தலைக்கு ஏற்றிவிட்டு மேலே போனேன்.

கதவைத் தாண்டியதும் அத்தை பிடித்துக்கொண்டார். "கேட்டேன், கேட்டேன். ஒருத்தி மனசார கும்பிட்டாச்சுன்னா அது சாமிதான். சாமின்னா, கை இல்லாத சாமி. இனிமே உள்ள கொண்டாரக் கூடாது."

"பாயே சொன்னாரு அத்தை, சாமி இல்லைன்னு."

"பாய் சொன்னப்ப இல்ல. இப்ப ஆயிடுச்சு. அவ பொண்ணுக்குப் பிரசவம் ஆகட்டும், திருப்பிக் குடுத்துடு."

அதில் கோபமே இல்லை. அதனால்தான் வாதாடவும் முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் படி ஏறும்போது அந்தச் சாய்ந்த தலையைப் பார்ப்பேன். அக்காவின் பெண்ணுக்குச் சீக்கிரம் பிரசவமாக வேண்டும் என்று விரும்புவேன். ஆனதும் இவள் போய்விடுவாள் என்பதும் உடனே நினைவுக்கு வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். பேத்தி. தாயும் குழந்தையும் நலம். முதல் கற்கண்டைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு எங்களுக்கு நீட்டினார். அத்தை வாயில் போட்டுக்கொண்டார். அது கரைவதற்குள் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உன்கிட்ட மறைக்கக் கூடாதும்மா. இது ஆத்தா இல்ல. சாமிக்குப் பக்கத்துல நின்னு விசிறி வீசுற பொண்ணு."

அக்கா சிலையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அப்ப சரியான ஆளுகிட்டதான் சொல்லிகீறேன். சாமியாண்ட நேரா போனா நம்ம பேச்சு எங்க எடுபடும், அத்தினி கூட்டம். இது பக்கத்துலயே நிக்குது. நேரம் பாத்து காதுல போட்டுட்ச்சு." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு பாப்பா, உங்க கம்பெனில மேனேஜரப் பாக்கணும்னா மொதல்ல யாராண்ட கேப்ப?"

"ரூம் வாசல்ல உக்காந்திருக்கிறவங்ககிட்ட."

"அவ்ளோதான்."

அத்தை கற்கண்டை மெல்லாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப நீ இதை சாமின்னு கும்பிடல?"

"தூது சொல்லி அனுப்ச்சேன் பெரிம்மா. தூது போனவளுக்கு ஒரு பூ வெச்சா தப்பா?"

"பூ வைக்கலாம்" என்றார் அத்தை. "விளக்கு வேணாம்." பிறகு என்னிடம், "வண்டு செத்துடுச்சா பாரு. உள்ள தூக்கினு வா."

அவள் இப்போது கூடத்தில், வாசல் கதவை ஒட்டி, யாளிக்கும் குதிரைக்கும் நடுவில் நிற்கிறாள். காதில்லாத குதிரைக்குப் பக்கத்தில், கேட்பதற்கென்றே தலை சாய்த்தவள். இஸ்திரித் துணியைக் கொடுக்க வரும்போது அக்கா வாசலிலிருந்தே அவளை விசாரித்துவிட்டுப் போவார்.

போன வாரம் வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகத் திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அத்தையின் குரல், யாரோடோ தாழ்வாகப் பேசிக்கொண்டிருந்தது.

"முட்டி வலி மட்டும் சொல்லு போதும். மத்ததை நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப நேராவே சொல்லிக்கிறேன்."

நான் ஓசைப்படாமல் இரண்டு படி இறங்கினேன். பிறகு சாவிக்கொத்தைச் சத்தமாகக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.