பதினெட்டு என்று சொன்ன பையன்

நீதிமன்றம் என்று சொன்னால் அந்த அறையை யாரும் நம்பமாட்டார்கள். மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு நீள மேசை, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு. நடுவர் கறுப்பு அங்கி போடாமல் எங்களோடு மேசையைச் சுற்றித்தான் உட்காருவார். பிள்ளைகளை அழைத்து வரும் போலீஸ்காரர் காக்கியில் வரக்கூடாது. ஒருமுறை மறந்து சீருடையில் வந்துவிட்டவரை நடுவர் திருப்பி அனுப்பினார். அவர் டீக்கடைக்காரரின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, வயிற்றுப் பக்கம் பித்தான் பூட்ட முடியாமல் வந்து நின்றார். அன்று விசாரணைக்கு வந்த பையன்கூடச் சிரித்துவிட்டான்.

விருதுநகரில் இளைஞர் நீதிக் குழுமம் கூடிய அறை அது. நான் அங்கே நன்னடத்தை அலுவலர், ஒப்பந்த வேலை. பிடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய், அவன் எப்படி வளர்ந்தான், இனி அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து எழுதித் தரவேண்டும். மகள் பிறந்து சில மாதங்களில் வேலைக்குத் திரும்பியிருந்தேன். கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் மாமியாருக்குப் போன் செய்வேன். பால் குடித்தாளா, உடம்பு சுடவில்லையே என்று கேட்பேன்.

"நாங்களும் பிள்ள வளத்தவுகதான். வேலையப் பாரு தாயி" என்று வைத்துவிடுவார்.

முன்பெல்லாம் பெரியவர்கள் நிற்கும் வரிசையிலேயே பிள்ளைகளையும் நிறுத்துவார்களாம். அங்கிருந்த மூத்த எழுத்தர் சொல்வார். நான் சேர்ந்த காலத்தில் 'என்ன செய்தான்' என்ற கேள்வியோடு 'இனி என்ன செய்யலாம்' என்ற கேள்வியும் சேர்ந்திருந்தது. அறிக்கையில் 'குற்றவாளி' என்று எழுதக்கூடாது. 'கைது' என்ற சொல்லும் கூடாது. ஆனால் இந்தப் பரிவெல்லாம் பதினெட்டு நிறையாதவர்களுக்குத்தான். நிறைந்துவிட்டால் பெரிய கோர்ட்டு, பெரியவர்களோடு ஜெயில்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ஆமத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து, தனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று ஒரே பிடியாக நின்றான்.

காரியாபட்டிச் சந்தையில் யாரோ சாவியோடு விட்டுப்போன பைக்கை எடுத்து ஓட்டியிருக்கிறான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். வயது கேட்டதும் பதினெட்டு என்றானாம். அதனால் முதலில் பெரிய கோர்ட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கிருந்த நீதிபதி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பிவைத்தார். மீசை அரும்பக்கூட இல்லை. விரல் இடுக்குகளில் மட்டும் வெள்ளி நிறம், பட்டாசுக்கு மருந்து கலக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் அலுமினியப் பொடி.

"வயசென்னப்பா?" என்றார் நடுவர்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்."

"எங்க வேலை பாக்குற?"

"வேலையெல்லாம் பாக்கல சார்."

எனக்கு அந்தப் 'பதினெட்டு' புதிதில்லை. பட்டாசு வேலைக்குப் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பகுதியில் ஜீப்பில் வந்து இறங்கும் எந்த அதிகாரி வயதைக் கேட்டாலும் சொல்லவேண்டிய பதில் அதுதான். சிவகாசியில் என் அப்பா கணக்கெழுதிய அச்சகத்தில் காலண்டர் சீசனில் அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால், காலண்டரின் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கும் அக்காக்களில் சின்னவர்களைப் பின்வாசல் வழியே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது பண்டிகை மாதிரி. பல்லாங்குழி ஆடுவோம். ஆடிக்கொண்டே ஓர் அக்கா இன்னொருத்தியிடம், "கேட்டா பதினெட்டுன்னு சொல்லு, எச்சி முழுங்காமச் சொல்லு" என்று பழக்குவாள். அவர்களின் சிரிப்பும் கையில் ஒட்டியிருந்த பசை வாசனையும் இப்போதும் எனக்கு இனிமையாகத்தான் நினைவுக்கு வருகின்றன. அப்படி வருவது சரிதானா என்று தெரியவில்லை.

வயதை உறுதிசெய்யப் பள்ளிச் சான்று போதும். நடுவர் அதை வாங்கிவரச் சொல்லிவிட்டு, அதுவரை பையனை மதுரைக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்க உத்தரவிட்டார். நான் நேராகப் பள்ளிக்குப் போயிருக்கலாம். முதலில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பொய்யை உடைக்க மனம் வரவில்லை.

பையன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில்தான் அவருக்கும் வேலை. புருஷன் இல்லை.

"பதினெட்டுதான் மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"பதினெட்டுன்னா பெரியவங்க கூட ஜெயில்ல வைப்பாங்கம்மா. பதினெட்டு ஆகலன்னா உங்களோட வீட்டுக்கே அனுப்பலாம்."

"பதினாறுன்னா கம்பெனிக்குச் சீல் வச்சிருவாகளே. அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும். பொறகு ஊருக்குள்ள எங்கள வாழ விடுவாகளா? நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீக. நான் இங்கன தான இருக்கணும்?"

நான் பஸ்ஸில்தான் போயிருந்தேன். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கம்பெனிமீது நடவடிக்கை வராது என்று பொய் சொல்லவும் முடியவில்லை. வரலாம் என்றேன். வரவேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. திரும்பும் வழியில், சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். என் மகளுக்காக நான் எத்தனை பொய் சொல்வேன் என்றும் யோசித்தேன்.

அடுத்த அமர்வுக்குப் பள்ளிச் சான்று என் பையில் இருந்தது. அதை நான் வெளியே எடுப்பதற்கு முன்பே அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"பதினாறுய்யா. ஆடி வந்தா பதினேழு."

பையன் சடாரென்று திரும்பினான். "ஏம்மா! கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? கம்பெனி போர்மேன் அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்லுவ?"

"ஏலே, சும்மா கெட. அவருட்டதான் மொதல்ல போனேன். ஒரு வார்த்த வந்து சொல்லுங்கன்னு கேட்டேன். அப்பிடி ஒரு பயலே இங்கன வேலை பாக்கலன்னுட்டாரு. ஒன்னத் தெரியவே தெரியாதாம்லே."



அந்த அம்மா நடுவர் பக்கம் திரும்பினார். "பஸ்ஸுல டிக்கெட்டுக்குப் பயந்து இவன் வயசக் கொறச்சுச் சொன்னேன். கம்பெனியில கூட்டிச் சொன்னேன். இருக்கிற வயச இவனுக்கு ஒரு எடத்துலயும் சொன்னதில்லய்யா."

ஓய்வுபெற்ற ஆசிரியையான குழும உறுப்பினர், "பஸ்ஸுல நானும் சொல்லியிருக்கேன்மா" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுவர் சான்றுக்காக என்னிடம் கை நீட்டவில்லை. பையனைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல்லுப்பா. வயசென்ன?"

யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே லோடு லாரி ஒன்று போன சத்தம் அடங்கியது. அவன் எச்சில் விழுங்கினான்.

"பதினாறு சார்."

அன்றே தாயோடு அனுப்பிவைத்தார்கள். பைக்கின் சொந்தக்காரர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, பையன் நேரில் வந்து மன்னிப்புச் சொன்னால் போதும் என்றார். மாதம் ஒருமுறை என்னை வந்து பார்க்கவேண்டும், பள்ளியில் சேரவேண்டும் என்பது உத்தரவு. கம்பெனியைப் பற்றித் தனியே தொழிலாளர் துறைக்கு எழுதினார்கள்.

தாழ்வாரத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது சரிதான மேடம்?"

"சரிதான்" என்றேன். எதையும் இரண்டு தடவை யோசிக்கிற நான் அன்று யோசிக்காமல் சொன்னேன்.

அந்த சீசனில் அவரை எந்தக் கம்பெனியும் வேலைக்கு எடுக்கவில்லை. வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார். முதல் மாதம் பையன் என்னைப் பார்க்க வந்தபோது விரல்களில் வெள்ளி நிறம் போயிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். கணக்கு வாத்தியார் அடிக்கிறார் என்று புகார் சொன்னான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"என் மேல கோவமா இருக்கு. பேச மாட்டேங்குது."

"சோறு போடுறாங்களா?"

"அதெல்லாம் போடுது. 'பதினாறு வயசுப் பிள்ளைக்கு இம்புட்டுப் பத்துமா'ன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்திக்கிட்டுப் போடுது."