மதில்மேல் பூனைகள் நாற்பது

அக்காவின் வேலை ஆள் பிடிப்பது. டிவியில் அரசியல்வாதிகள் மோதிக்கொள்ளும் விவாத நிகழ்ச்சியில், எதிரே உட்கார்ந்து கைதட்டுகிற நூற்றிருபது பேரைப் பார்த்திருப்பீர்கள். யாரோ வழிப்போக்கர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, பொறுக்கி எடுத்தவர் எங்கள் அக்கா. ஆளுங்கட்சிப் பக்கம் நாற்பது, எதிர்க்கட்சிப் பக்கம் நாற்பது, இன்னும் முடிவு செய்யாதவர்கள் நாற்பது. இம்மி பிசகாது. அதனால் நிலையத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பத்தொன்பது வருஷமாகத் தராசு. நான் மைக் மாட்டுகிறவன், பக்கத்து மேசை.

முதல் எண்பது பேர் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். மதில்மேல் பூனைகள்தான் கிடைக்காது. அந்த இடத்துக்குக் கட்சிக்காரன் பூனை வேஷம் போட்டு வருவான். அக்கா முதலில் யாருக்கு ஓட்டு என்று கேட்பார். பிறகு பஸ், தண்ணீர், பிள்ளைகள் படிப்பு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, போனை வைக்கப் போகிறவர் போல, "சரிங்க, ஓட்டு யாருக்குன்னு சொன்னீங்க?" என்பார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி பதில் வந்தால் ஆள் போலி. பெருமூச்சு விட்டு, "அதான் புரிய மாட்டேங்குது" என்று இழுத்தால் அக்கா டிக் அடிப்பார். ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேரிடமாவது பேச வேண்டியிருக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் பம்பு செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் லேத் ஓட்டியவர். எட்டு மாதம் முன்பு கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் வாயைத் திறப்பதில்லை. "ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார் தம்பி. பயமா இருக்கு" என்றார் அக்கா ஒருநாள்.

"நீங்க பேசிப் பாருங்கக்கா."

"இங்க நாள் பூரா பேசிட்டுப் போனா, வீட்ல வாயே எழும்ப மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் விவாதத் தலைப்பே மூடிய தொழிற்சாலைகள்தான். அமைச்சர் வருகிறார், ஆறு மணிக்கு நேரலை. மத்தியானத்துக்குள், மதில்மேல் பூனைகள் உட்காரும் மூன்றாவது வரிசையில் ஆறு பேர் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா காத்திருப்போர் பட்டியலை எடுத்தார். அதில் பெயர் இருக்காது. பெயரைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவோமாம், அதனால் விண்ணப்ப எண்ணும் போன் நம்பரும் மட்டும். பேச்சு பதிவாக வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும்.

"வணக்கங்க, விவாத நிகழ்ச்சியிலேர்ந்து பேசறோம். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

"பேசலாமே."

அக்காவின் கையிலிருந்த பேனா நின்றது. "நீங்களா?"

"நான்தான்."

சொந்தப் புருஷனின் நம்பர் தெரியாதா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் நம்பர் உங்களுக்கு மனப்பாடம்?

"இங்க வேலை செய்றவங்க குடும்பத்துல யாரும் வரக்கூடாது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க போட்டீங்க? அமைச்சர்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"அவர்கிட்ட கேக்க என்ன இருக்கு? மூடினது மூடினதுதான். ஃபாரம் போட்டா கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்கன்னு நீ சொல்லியிருக்க. எட்டு மாசமா எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. யாராவது கேட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. நீயா இருந்தா இன்னும் நல்லதுன்னு நினைச்சேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. ஆறு நாற்காலியும் காலி. பட்டியலில் அவர் எண்ணைக் கோடு போட்டு அடித்தார். விதி விதிதான். பிறகு பதிவை நிறுத்தி, ஸ்பீக்கரை அணைத்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"நான் கிளம்பினப்புறம் பகல் பூரா என்ன பண்றீங்க?"

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணி நாலு இருபது. அக்கா அப்போதும் பேசிக்கொண்டிருந்தார், கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. ஐந்து மணிக்குப் பட்டியலை என் மேசையில் வைத்து, "என்னால முடியல தம்பி, வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினார். அதற்குப் பிறகு ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

தயாரிப்பாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடைசியில் எங்கள் டிரைவர், கேன்டீன்காரர், லைட் பிடிக்கும் இரண்டு பேர், வாசல் காவலர், அவரைப் பார்க்க வந்திருந்த மச்சான், எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். டிரைவரும் மச்சானும் ஆளுக்கொரு கட்சி, அசல் வெறியர்கள். அமைச்சர் அந்த இருவரையும் கைகாட்டி, "நடுநிலையாளர்களே சொல்லட்டும்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நேயர்களிடமிருந்து ஒரு புகார் கூட வரவில்லை.

"இன்னைக்கு மூணாவது வரிசை பிரமாதம். தராசுன்னா தராசுதான்" என்றார், சாயங்காலம் குதித்ததையே மறந்துவிட்ட தயாரிப்பாளர், நான் மைக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது.

இதற்காகவா அந்த மனுஷி பத்தொன்பது வருஷம் தொண்டையை இங்கேயே தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்? அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.