மாமா முடித்துக் கொடுத்த செஸ் புதிர்கள்

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒழுங்காகப் படித்தது ஒரு செஸ் சிடியைத்தான். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டு மாமாவின் கம்ப்யூட்டரில், ஆறு மாதமாக நானூறு புதிர்கள் போட்டிருந்தேன். இன்னும் இருநூறு பாக்கி.

இன்று திறந்தால் அறுநூறுக்கும் பச்சை டிக். மவுஸ் முழுக்க மாமா தின்னும் ஜால்முரிப் பொரியின் எண்ணெய்.

"மிச்சத்த நானே முடிச்சிட்டேன்மா. விடை பட்டன அமுக்கினா அதுவே காய் நகத்துது. இதுக்கா ஆறு மாசம்?"

மூன்று நாளாக விடையைப் பார்க்காமல் யோசித்துக்கொண்டிருந்த புதிருக்கும் டிக். மவுஸைத் துடைத்தேன்.

"ஒரு தேங்க்ஸ்கூட இல்லியா?"

"தேங்க்ஸ் மாமா" என்றேன். அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

என் பெயருக்கு நேரே இப்போது 'மாஸ்டர்' என்று நிற்கிறது. அதை அழிக்க எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?